கை நீட்டும் தூரம்

மார்ச் 4, செவ்வாய்

முழங்கால் வீங்கியிருக்கிறது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் செல்போனைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடினான். முப்பது வயதிருக்கும். துரத்தினேன். மூன்று தெரு. பெரிய சாலையில் இறங்கியவன் மேல் வேன் மோதிவிட்டது. உயிர் இருக்கிறது. இடது கால்தான் — மேலே எழுத முடியவில்லை.

மார்ச் 5

காவல் நிலையத்தில் நுழைந்தாலே சுவரில் என் படம்தான். எண்ணூறு மீட்டர், தங்கம், இருபத்திரண்டு வயது, கன்ன எலும்பு தெரியச் சிரிக்கிறேன். அந்த ஓட்டத்துக்காகத்தான் இந்தப் போலீஸ் வேலையைக் கொடுத்தார்கள். பத்தொன்பது வருடமாக நான் "எண்ணூறு". சொந்தப் பெயரைச் சொன்னால் "யாரு?" என்கிறார்கள். இன்று யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

மார்ச் 7

நான் விரட்டியதால்தான் வேனில் அடிபட்டான் என்று அவன் மனைவி மனு கொடுத்திருக்கிறாள். விசாரணை வருகிறது. இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். என் வாக்குமூலம், என்னைக் கேட்காமலே தட்டச்சாகி வந்திருந்தது. "அவன் என்னைவிட வேகமாக ஓடியதால் பிடிக்க இயலவில்லை. நான் வெகுதூரம் பின்தங்கிவிட்டேன்."

"கையெழுத்துப் போடும்மா. நாப்பத்தோரு வயசுப் பொம்பளையால பிடிக்க முடியலன்னா எவன் கேள்வி கேக்கப்போறான்?"

நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வருகிறது. யோசிக்கிறேன் சார் என்று தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 8

யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது சொல்கிறேன். முதல் தெருவிலேயே அவனைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. எண்ணூறு ஓடுகிறவள் முன்னால் போகிறவளின் முதுகில் ஒட்டிக்கொண்டே ஓடுவாள். அவள் களைத்ததும் கடைசியில் தாண்டுவாள். அதையே செய்தேன். திருடனைத் துரத்தும்போது! அதுவும் — வெட்கமாக இருக்கிறது — நன்றாக இருந்தது. எத்தனை வருடம் கழித்துக் கால் சொன்னபடி கேட்டது! அவன் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்து, இன்னும் ஒரு தெரு போகட்டும் என்று விட்டேன். மடச்சி.

மார்ச் 10

வீட்டில் சொன்னேன். கணவர் தட்டைத் தள்ளி வைத்தார். "உண்மைய சொன்னா அவன் கால் திரும்ப வந்துடுமா? வேலை போச்சுன்னா என்ன பண்ணுவ? இன்னொரு மெடல் வாங்கப்போறியா?" கை கழுவிவிட்டு வந்து, "ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்" என்றார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே.

மார்ச் 12

மருத்துவமனைக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெயிண்டராம். ஏணியில் ஏறிச் சம்பாதிக்கிறவன். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன்தான் பேசினான்.

"பின்னாடி சத்தமே இல்ல மேடம். மூச்சுகூடக் கேக்கல. நின்னுட்டீங்கன்னு நெனச்சேன். பாக்கலாம்னு திரும்பினேன். அவ்வளவுதான்."

எனக்கு அன்று மூச்சு வாங்கவே இல்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? வாங்கிப்போன பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 17

விசாரணை. அதிகாரி தலை நிமிராமல் கேட்டார். "அவன் உங்களைவிட வேகமா ஓடினானா?"

"இல்ல சார்."

"எவ்வளவு தூரம் பின்னாடி இருந்தீங்க?"

"கைய நீட்டியிருந்தா சட்டை."

அப்போதுதான் நிமிர்ந்தார். "பின்ன ஏன் நீட்டல?"

சொன்னேன். ஒன்று விடாமல். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "டைப் அடிங்கம்மா" என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

மார்ச் 19

பணியிடை நீக்கம். ஆணையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், எங்கள் பக்கம் போகிற பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. நாலு எட்டு ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். இருபது நிமிடம் நின்று அடுத்ததில் வந்தேன்.