பல்லிக்குப் பயந்தவளின் துப்பாக்கி

ஆபேல்,

மீன் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

ஜாய் அக்காவோடு கெர்வில் காட்டுப் பக்கம் வான்கோழி வேட்டைக்குப் போகிறேன். போன ஞாயிறு சர்ச் லஞ்சில் எல்லார் முன்னாலும், "பல்லியப் பாத்தாலே கத்துவா, இவ துப்பாக்கி தூக்குறதாவது!" என்று சிரித்தீர்களே, மறுநாளே வாங்கிவிட்டேன். உங்களுடையதைப் போல விலை உயர்ந்ததில்லை, ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் மலிவான பம்ப் துப்பாக்கிதான். ஆனால் நாலைந்தைத் தோளில் வைத்துப் பார்த்து, என் கைக்கு அடங்குவதாக எடுத்தேன்.

வரும் ஞாயிறு அதே ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். இறகு பிடுங்குவது உங்கள் வேலை.

ஃபெமினா

பி.கு.: போன வருடம் நீங்கள் சுட்டதாகச் சொல்லிக் கொண்டுவந்த வான்கோழியின் வயிற்றுக்குள், ஈரல் பிளாஸ்டிக் பையில் இருந்தது. கடையில்தான் அப்படிக் கட்டி வைப்பார்கள். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் வெறுங்கையோடு திரும்பினாலும், ஞாயிறன்று சொல்ல ஒரு வேட்டைக் கதை இருக்கிறது.