நோட்டீஸில் பொதிந்த பீங்கான்

பாறசாலை,
6-9-1954

அன்புள்ள அத்தானுக்கு லீலாபாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் வயிற்றில் இருப்பதும் சுகம். பம்பாயில் உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

ஜெர்மனிப் பீங்கான் சரக்கு கப்பலிலிருந்து இறங்கிவிட்டது, கஸ்டம்ஸில் விட்டதும் பிரசவத்துக்கு வந்து சேருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அத்தைக்குச் சந்தோஷம். எனக்குத்தான் படபடப்பு. இதை முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போன மாதம் மார்த்தாண்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்ததிலிருந்து கண்ட இடத்திலெல்லாம் நம் தமிழ் ஆட்களைப் பிடிக்கிறார்கள். உங்கள் தம்பி பொன்னுதாஸ் அதற்கு முன்பே ஒரு கட்டு நோட்டீஸை நம் கடையில் போட்டு, "மைனி, இது இங்க கிடக்கட்டு, பொறவு வந்து எடுக்கேன்" என்று போனவன்தான். நம் தாலுகாவையும் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று கூட்டத்துக்கு அழைக்கும் நோட்டீஸ். கூட்டத் தேதியும் கழிந்தது, ஆளும் திரும்பவில்லை.

அப்போதுதான் திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு மூசைகள் கேட்டது. தீயில் பழுக்கக் காய்ச்சினாலும் கீறாது என்று நீங்கள் பெருமை பேசும் அந்தப் பீங்கான் கிண்ணங்கள், பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் சில்லுச் சில்லாகிவிடும். கிண்ணத்தைத் தனியாக, மூடியைத் தனியாகப் பொதியவேண்டும் என்பது உங்கள் கட்டளை. வைக்கோலோ மழையில் நனைந்து கிடந்தது. தேதி கழிந்த நோட்டீஸ் இனி யாருக்கு வேண்டும் என்று எடுத்துப் பொதிந்தேன். என் புத்தி எங்கே போயிற்றோ!

ஒரு மூடிகூட உடையவில்லையாம். பிரித்தவர்கள் பீங்கானை விட்டுவிட்டுக் காகிதத்தைப் படித்திருக்கிறார்கள். மறுநாள் இங்கே போலீஸ். பெட்டி மேல் உங்கள் பெயர்தானே. பொதிந்தது நான், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று தொண்டை வற்றச் சொன்னேன். ஏட்டு என் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, "ஆம்பிள சொல்லாம இது நடக்காதாக்கும். அவன் வரட்டு" என்று சொல்லிப் போனார். என் வாழ்நாளில் செய்த ஒரே அரசியல் காரியம், அதையும் உங்கள் தலையில் வைத்துவிட்டார்கள்.

நம் பக்கத்துக் கடைத் தையல்காரர் பொன்னையனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், பிறகு விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அவரால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. பொன்னுதாஸ் உயிரோடு இருக்கிறான். எங்கே என்று எழுதமாட்டேன். இங்கே தபாலில் போடப் பயந்து, இந்தக் கடிதத்தையும் நாகர்கோவில் போகும் யோசுவா அண்ணனிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்கிறேன்.

ஆகையால் வரவேண்டாம். சரக்கை அங்கேயே யாருக்காவது விற்றுவிடுங்கள். பழைய ஜெர்மன் பெட்டிப் பலகையில் ஆசாரி தொட்டில் செய்து தந்துவிட்டார். பிள்ளை பிறந்தால் தந்தி வரும். அதைப் பார்த்து ரயில் ஏறிவிடாதீர்கள். பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

உங்களைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கும்படி இத்தனை நாளும் கர்த்தரிடம் கேட்டேன். இப்போது அங்கேயே பத்திரமாக வைத்திரும் என்று கேட்கிறேன். இரண்டில் எது என் மனசு என்று அவருக்குத் தெரியும்.

உங்கள்
லீலாபாய்