ஏழு சீட்டு வண்டிக்கு எடுத்த அளவு

மார்ச் 3, செவ்வாய்

கார் வாங்குவதாக முடிவாகிவிட்டது. வழக்கப்படி செய்தி கடைசியாக எனக்கு வந்தது. அதுவும் தங்கை வழியாக, வாயில் பிரஷ்ஷோடு. "உன் ராஜ்ஜியம் போச்சு. ஷெட்டுக்கு வண்டி வருது."

இந்த வீட்டை எங்களுக்கு விற்றவர் சின்னக் கார் வைத்திருந்தார். அதற்காகக் கட்டிய ஷெட். எங்களிடம் கார் இல்லாததால் ஆறு வருஷமாக ஷட்டரை ஒட்டி அப்பாவின் ஸ்கூட்டர், பின்சுவரை ஒட்டி நான். ஒரு மேசை, மூன்று அலமாரி, கழுத்து திரும்பாத ஒரு ஃபேன். படுக்கையறையைத் தங்கையோடும் அவள் கைபேசியோடும் பங்கு போட்டுக்கொள்கிறேன். ஷெட்டில் உட்கார்ந்தால்தான் ஒரு பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்க முடிகிறது.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 4

நாங்கள் நான்கு பேர். வண்டிக்கு ஏழு சீட். அப்பா விளக்கினார்.

"நாம நாலு. மாப்பிள்ளைங்க ரெண்டு. ஆறாச்சா? ஏழாவது பேரனோ பேத்தியோ."

தங்கைக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய வருங்காலக் கணவருக்கு ஜன்னலோரம் ஒதுக்கியாயிற்று. என்னுடையவருக்கு நடுவில். அங்கேகூட இடம் சரியில்லை, பாவம்.

மார்ச் 7, சனி

சித்தப்பா வந்து ஷெட்டை அளந்தார். கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். இடுப்பில் இரும்பு டேப்பை மாட்டிக்கொண்டு, திருடனைப் பிடிக்க வந்தவர் மாதிரிதான் எங்கும் நுழைவார். என் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு டேப்பின் நுனியைச் சுவரில் வைத்தார். மறு நுனி ஷட்டரின் உள்பக்கம். நூற்றுத் தொண்ணூற்று நான்கு அங்குலம்.

"வீடே உள்ள போகும்ணே," என்றார் அப்பாவிடம்.

"எதுக்கும் வண்டியையும் அளந்துடணும்," என்றார் அப்பா. "தெருவுல வண்டிய விட்டா, சட்டை போடாத ஆள நடுரோட்டுல நிறுத்தின மாதிரி."

அப்பா தையற்காரர். உலகத்தில் மானம் சம்பந்தப்பட்ட எதுவும் அவருக்குச் சட்டையில்தான் போய் முடியும்.

மார்ச் 8, ஞாயிறு

ஷோரூம். இதை எழுதாமல் தூங்கினால் பாவம்.

கண்ணாடி போலத் தரை. நடுவில் வண்டி, கல்யாண மேடையில் நிற்பதுபோல. விற்பனைக்காரர் வழவழப்பான ஒரு கையேட்டை நீட்டினார். "எல்லா அளவும் இதுல இருக்கு சார்." அப்பா அதைப் பிரிக்காமல் என்னிடம் தந்துவிட்டு, கழுத்திலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்தார். கடை திறந்த அன்று வாங்கியது. முப்பத்தோரு வருஷம். எண்கள் பாதி தேய்ந்துவிட்டன. மீதி அவர் விரலுக்குத் தெரியும்.

"சார், நீங்க சிரமப்பட வேணாமே..."

"தம்பி, என்கிட்ட வர்றவங்க அத்தனை பேரும் இடுப்பு முப்பத்திரண்டுன்னுதான் சொல்லுவாங்க. நான் வாயை நம்பறதில்ல. டேப்பைத்தான் நம்புவேன்."

முன் பம்பரில் மண்டியிட்டார். டேப் அறுபது அங்குலம்தான். அறுபதுக்கு ஒரு முறை, பளபளத் தரையில் தையல் சாக்பீஸால் கோடு. அம்மா ஆர்டர் புத்தகத்தோடு பின்னாலேயே நகர்ந்தாள். வாடிக்கையாளர் பெயர் எழுதும் இடத்தில் 'வண்டி' என்று எழுதியிருந்தாள். அப்பா குரல் கொடுத்தார். "மொத்த நீளம் நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு." அம்மா குறித்தாள். அகலம் எடுக்கும்போது பழக்க தோஷத்தில் "மூச்சை இழுக்காதீங்க" என்று வண்டியிடம் சொன்னார். சத்தியமாகச் சொன்னார்.

மூன்று அங்குலம் மிச்சம். எல்லோருக்கும் சந்தோஷம்.

கையேட்டில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. அங்குலத்தில் நூற்றுத் தொண்ணூற்றாறு. காட்டினேன்.

"பெரிய வண்டின்னு காட்டணும்ல. கூட்டித்தான் போடுவான்," என்றார் அப்பா.

மார்ச் 9, திங்கள்

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். இரண்டு இடத்தில் இரண்டு எண் இருந்தால் எனக்கு உடம்பு அரிக்கும்.

காலையில் அப்பா குளிக்கும்போது டேப் கொக்கியில் தொங்கியது. அச்சகத்து இரும்பு ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்து நகர்த்திப் பார்த்தேன். டேப்பில் அறுபது, ஸ்கேலில் அறுபத்தொன்றரை.

டேப் நீண்டிருக்கிறது. எத்தனை இடுப்பைச் சுற்றி இழுத்திருப்பார்! முப்பத்தோரு வருஷத்தில் ஒருவருக்கும் தெரியாதது எப்படி? யோசித்தால் எளிது: ஆளை அளப்பதும் அதே டேப், துணியை வெட்டுவதும் அதே டேப். தப்பும் தப்பும் சேர்ந்து சட்டை கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. ஷெட்டைத்தான் வேறு டேப்பால் அளந்துவிட்டார்கள்.

ஆக, வண்டி இரண்டு அங்குலம் அதிகம். ஷட்டர் மூடாது.

மார்ச் 11

டேப் விஷயத்தைத் தொடாமல் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். "அப்பா, கையேட்டுல தொண்ணூத்தாறுன்னு..."

அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த மூலைய விட மனசு வரல. அதுக்கு என்னென்ன கணக்கு போடுறா பாரு."

அப்பா டேப்பைத் தொட்டுக்கொண்டார். "இது மேலயா சந்தேகம்?"

"இல்லப்பா."

இல்லப்பா. இரண்டு எழுத்து குறைவாக ஒரு பொய் சொல்ல முடிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

ஏன் சொல்லவில்லை? அவர் மனசு நோகும் என்றா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வண்டி வந்து, ஷட்டர் மூடாமல் போய், என் மேசை திரும்பி வரும் காட்சியை நேற்றும் இன்றும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேனே, அது எந்த மரியாதையில் சேர்த்தி? இத்தனை புத்தகம் படித்து நான் கற்றுக்கொண்டது நாகரிகமாகச் சும்மா இருப்பதைத்தானா?

மார்ச் 14, சனி

கையெழுத்துப் போட்டாயிற்று. நிறம் சாம்பல். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்ததால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

மார்ச் 21, சனி

ஷெட்டைக் காலி செய்தோம். மேசை மொட்டைமாடியில், தார்ப்பாய்க்கு அடியில். புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே, பீரோவுக்கு மேலே, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்.

தங்கை கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். "இதையெல்லாம் எழுதினவங்கள்ல உயிரோட இருக்கிறவங்க எத்தனை பேரு அக்கா?"

"நாலஞ்சு பேர் இருப்பாங்க."

"அப்போ சுடுகாட்டு மேலதான் படுக்கணுமா நான்?"

சிரித்தேன். பிறகு காலியான ஷெட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது.

இன்றும் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தது. அப்பாவே உள்ளே ஓட்டினார். சித்தப்பா பின்னால் நின்று கையைக் காட்டினார். "வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்ணே..." முன் பம்பர் சுவரை முட்டி நின்றது. சித்தப்பா ஷட்டரை இழுத்தார். அது பாதி இறங்கி வண்டியின் முதுகில் உட்கார்ந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி போங்கண்ணே."

"முன்னாடி சுவர்டா!"

கதவு ஒரு சாண்தான் திறந்தது. ஷட்டரை மறுபடி தூக்கியதும் அப்பா நடு மாப்பிள்ளையைத் தாண்டி, பேரன் சீட்டின் மேல் ஊர்ந்து, பின்கதவு வழியாக இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை. தங்கை மட்டும் திடீரென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

"சுவத்துல பூச்சைக் கொத்திடலாம். ரெண்டு இஞ்ச்தானே," என்றார் சித்தப்பா.

"பம்பரைக் கழட்டி வச்சுட்டா?" இது அம்மா.

அப்பா சித்தப்பாவின் இடுப்பிலிருந்து இரும்பு டேப்பைக் கழற்றி வாங்கினார். தன் டேப்பை அதன்மேல் வைத்தார். நுனியிலிருந்து நுனிவரை விரலால் நீவிக்கொண்டே போனார். பிறகு இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தார்.

மார்ச் 23

வண்டி தெருவில். அப்பா சாப்பிடவில்லை.

மார்ச் 24

கடையில் தனியாக இருந்தார். நான் போனதும் பொத்தான் டப்பாவைக் கிளறினார்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"எப்போலேந்து?"

"ஒன்பதாந்தேதி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா... என் இடத்துக்காகச் சொல்றேன்னு நினைப்பீங்க."

பொத்தான்களைக் கிளறிய கை நின்றது.

"உன் இடத்துக்காகவே சொல்லியிருக்கலாமேம்மா. டேப்பை எதுக்கு இழுக்கணும்? 'எனக்கு அந்த இடம் வேணும்ப்பா'ன்னு ஒரு வார்த்தை."

அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவே இல்லை. மில்லிமீட்டரை அங்குலமாக்கத் தோன்றியது. திருட்டுத்தனமாக ஸ்கேல் வைக்கத் தோன்றியது. இது மட்டும் தோன்றவில்லை.

"எனக்கு அந்த இடம் வேணும்ப்பா," என்றேன். வெட்கமாக இருந்தது. பதினைந்து நாள் தாமதம் வேறு.

"ம்," என்றார்.

மார்ச் 26

சித்தப்பா புது டேப் வாங்கித் தந்தாராம். அப்பா அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

"ஆர்டர் புத்தகத்துல இருக்கிற அளவெல்லாம் பழசுல எடுத்தது. புதுசுல வெட்டினா ஊருல பாதிப் பேருக்குச் சட்டை இறுக்கும்."

மறுக்க முடியாத வாதம்.

மார்ச் 29, ஞாயிறு

மேசையை மாடியிலிருந்து அப்பாவும் நானும் இறக்கினோம். பழைய வெளுப்பு மேலேயே அலமாரிகள் வந்து நின்றன. ஃபேனுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார். இப்போது கழுத்து திரும்புகிறது. அரிசி டப்பா பக்கம் இருந்தவர்கள் மேல் கொஞ்சம் மாவு.

ஷட்டரைப் பாதி உயர்த்தி வைத்து இதை எழுதுகிறேன். இங்கிருந்தே வண்டி தெரிகிறது. மூன்று நாளாகக் கடை மெஷினில் பெரிதாக ஏதோ ஓடிக்கொண்டிருந்ததே, அதுதான்: தார்ப்பாய்த் துணியில் முழு உறை. இரட்டைத் தையல், கீழ்விளிம்பில் நாடா, பக்கக் கண்ணாடிகளுக்குத் தனித்தனியாக இரண்டு கை. மத்தியானம் மாட்டினார். ஒரு சுருக்கம் இல்லை, ஓரிடத்தில் இழுக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று, எங்கே தைத்தது என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆர்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். வாடிக்கையாளர்: வண்டி. நீளம்: 191.