ஒரு நாள் தேநீருக்கு

ஹார்ல்ஸ்டோ
12 செப்டம்பர் 1974

அன்புள்ள மிஸஸ் கார்சைட்,

தங்கையோடு இருக்கப் போய்விட்டீர்கள். சந்தையில் என் சீஸ் கடைக்கு எதிரே, உங்கள் கம்பளி நூல் கடை இருந்த இடத்தில், பிளாஸ்டிக் வாளி விற்கிறவன் வந்திருக்கிறான். தொண்டை கிழியக் கத்துகிறான். நூலகத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள். முதல் மழைக்கே ஒழுகியது. ரொட்டிக்கடை டாரத்தி என்னைக் கேலி செய்கிறாள். "என்ன மிஸ்டர் பூலி, எதிர்க்கடையையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வாளி வாங்கப் போறீங்களா?"

இந்தப் பக்கம் வந்தால் ஒரு நாள் தேநீருக்கு வாருங்கள்.

உண்மையுள்ள,
கிளெமன்ட் பூலி

பென்வெத்
20 செப்டம்பர்

அன்புள்ள மிஸ்டர் பூலி,

வாளிக்காரனைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். இங்கே கடல் இருக்கிறது, சந்தை இல்லை.

ஒன்று கேட்கட்டுமா? சந்தை நாளில் கடை கட்டும்போதெல்லாம், "ஒரு நாள் டீ குடிக்க வாங்களேன்" என்பீர்கள். நம் ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதானே? கிழமை சொல்லாத அழைப்புக்கு யார் போவார்கள்? நீங்கள் நிஜமாகவே கூப்பிட்டீர்களா? சொல்லுங்கள்.

ஈனிட் கார்சைட்

ஹார்ல்ஸ்டோ
3 நவம்பர்

அன்புள்ள ஈனிட்,

நிஜமாகத்தான். சந்தை நாளான வியாழன்தோறும் டாரத்தியிடம் எலுமிச்சை கேக் வாங்கிப்போய், இரண்டு கோப்பை எடுத்துவைத்துக் காத்திருந்தேன். கிழமை சொன்னால் முடியாது என்றுவிடுவீர்களோ என்று பயம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதும் அதே பயத்தால்தான்.

இப்போது சொல்கிறேன். நவம்பர் 14, வியாழக்கிழமை, நான்கு மணி. வருவீர்களா?

கிளெமன்ட்

பென்வெத்
8 நவம்பர்

அன்புள்ள கிளெமன்ட்,

அக்டோபர் முழுக்க வாசலில் நின்று தபால்காரரை எதிர்பார்த்தேன். ஒன்றும் வராததும், அதுதான் உங்கள் பதில் என்று எடுத்துக்கொண்டேன். நாம் அப்படித்தானே பழகியிருக்கிறோம்.

இங்கே படகு பழுதுபார்க்கும் மிஸ்டர் ட்ரெவனா, "செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு வாங்க, ஸ்கோன் சுட்டு வைக்கிறேன்" என்றார். போனேன். அடுத்த செவ்வாயும் போனேன். போன வாரம் அவர் இந்த விதவையிடம், தன்னை மணந்துகொள்ள முடியுமா என்று கேட்டார். சரி என்றுவிட்டேன். நல்ல மனிதர்.

நீங்கள் இரண்டு கோப்பை வைத்த அந்த மேசைக்கு முன் உட்கார எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? கிழமையைச் சொல்லியிருக்கலாமே, கிளெமன்ட்.

ஈனிட்

ஹார்ல்ஸ்டோ
14 நவம்பர்

அன்புள்ள மிஸஸ் கார்சைட்,

மனமார்ந்த வாழ்த்துகள்.

கேக் வாங்கியாயிற்று, வீணாக்க மனமில்லை. வாளிக்காரனிடம், "இன்னைக்கு நாலு மணிக்கு வா" என்றேன். சரியாக வந்துவிட்டான். உங்களுக்காக வைத்த கோப்பையில்தான் குடித்தான். வீட்டிலும் கத்தித்தான் பேசுகிறான்.

மிஸ்டர் ட்ரெவனாவோடு இந்தப் பக்கம் வந்தால், ஒரு நாள் தேநீருக்கு வாருங்கள்.

உண்மையுள்ள,
கிளெமன்ட் பூலி