சலோமியின் வாயுத் தொல்லை

3-7-61, திங்கள்
காலையிலிருந்து தூறல், மூடுபனி. எதிர் வீடே தெரியவில்லை. வம்புக்கு வழியில்லாத நாள். பள்ளித் தையல் வகுப்பில் பதினாறு பாவாடைக்கு விளிம்பு தைத்தேன். தங்கை சலோமிக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து முதல் பிள்ளை. பேறுகாலம் வரை என் வீட்டில்தான். மாப்பிள்ளை உருளைக்கிழங்கு லாரியோடு கவுஞ்சிக்கும் வத்தலக்குண்டுக்குமாக அலைச்சல்.

ச.வுக்கு மறுபடி வாயு. "யக்கா, அந்த இஞ்சி டிங்சர் ஒரு பாட்டில் வாங்கியாக்கா. அது ஒண்ணுதான் கேக்குது."

வாங்க: வெள்ளை நூல், ரொட்டி, டிங்சர். (ஒரே வாரத்தில் இது மூன்றாவது. அம்மாடி, என்ன வாயு! பலூனே விடலாம்.)

5-7-61, புதன்
மருந்துக்கடைக்காரர் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "டீச்சருக்குக் குளிரு ஜாஸ்தியோ?" கண்ணடித்தாரா, தூசியா? நாற்பத்தாறு வயதில் ஒரு கண்ணடிப்பு! வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி பார்த்தேன். பவுடரும் கொஞ்சம்.

9-7-61, ஞாயிறு
கோயிலில் குடியின் கேடு பற்றிப் பிரசங்கம். போதகர் இரண்டு தடவை என்னையே பார்த்தார். புதுச் சேலைதான் காரணம் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

10-7-61, திங்கள்
மளிகைக்கடை ராவுத்தர் நெடுநாள் கேலிக்கூட்டாளி. இன்று கேலியே இல்லை. தொண்டையைச் செருமினார்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. அந்தக் கருமத்த விட்டுருங்க."

"எந்தக் கருமத்த?"

"இஞ்சி டிங்சரத்தாங்க. மதுவிலக்கு வந்ததுல இருந்து குடிகாரப் பயலுக எல்லாம் அதத்தான குடிக்கிறாய்ங்க. அம்புட்டும் சாராயம்ங்க. பஜாரே உங்களப் பேசுது."

சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. கண்ணடிப்பு, பிரசங்கம், எல்லாம் விளங்கியது. வயிற்றுப் பிள்ளை அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதலில் என் மானம், பிறகு பிள்ளை. இதையும் எழுதி வைக்கிறேன்.

ச.விடம் கேட்டேன். மறுக்கவில்லை. "அவுகதான் குளிருக்குன்னு பழக்கிவிட்டாக. இப்ப இல்லாம முடியலக்கா."

"ஊரு என்னயப் பேசுறது தெரியுமாடி?"

"தெரியும்."

தெரியுமாம். அம்மா போன பிறகு நான் தலை சீவிவிட்டு வளர்த்த கழுதை.

இனித் தொடமாட்டேன் என்று வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம். நம்பினேன். நம்புவதில் எனக்குப் பட்டமே தரலாம்.

18-7-61, செவ்வாய்
நல்ல வெயில். பிள்ளைக்குப் பின்னிய குல்லாய்களை உலர்த்தலாமென்று பெட்டியைத் திறந்தேன். அடியில் இரண்டு பாட்டில். ஒன்று காலி. பால்காரி வாங்கித் தந்தாளாம். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன். வா, ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய்ச் சொல்லுவோம் என்றேன்.

"நீ சொன்னேன்னா இந்த வீட்டுலயே இருக்கமாட்டேன்."

சொல்லவில்லை. ஊர்க் கதையெல்லாம் பரப்புகிற வாய், இதற்கு மட்டும் பூட்டிக்கொண்டது.

2-8-61, புதன்
ஆஸ்பத்திரி. எட்டாம் மாதத்திலேயே பிரசவம். பெண். என் கைக்குள் அடங்குகிறது. அதன் கையும் காலும் நடுங்குகின்றன. அழுகை பூனைக்குட்டி போல. சப்பத் தெரியவில்லை.

நர்ஸம்மா ச.வின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார். "உண்டாயிருக்கையில என்ன குடிச்சீங்க? மறைக்காதீங்க. பிள்ளைக்கு வைத்தியம் பாக்கணும்."

ச. விரலை நீட்டி என்னைக் காட்டினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். வாயு மருந்துன்னு அக்காதான் வாங்கிக் குடுத்துச்சு."

பொய் என்று சொல்ல முடியாது. வாங்கினேன். கொடுத்தேன்.

"எத்தனை பாட்டில்?" நர்ஸம்மா இப்போது என் பக்கம்.

"நான் வாங்குனது ஏழு இஞ்சி டிங்சர். எனக்குத் தெரியாம குடிச்சது எத்தனைன்னு அவளுக்குத்தான் தெரியும். சாராயம்னு தெரிஞ்சேதான் குடிச்சா."

ச. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எண்ணிக்கை மட்டும் சுவரிடம் சொன்னாள். நர்ஸம்மா எழுதிக்கொண்டார்.

பஞ்சைப் பாலில் நனைத்து நான்தான் ஊட்டினேன். இரண்டு சொட்டு இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்துவிட்டது.