முப்பத்திரண்டு சதவீதம்

ஜூலை 14, திங்கள்

மழை தராத மேகம். விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காய்ந்த துண்டு இரண்டும் பக்கத்து வீட்டு முருங்கையில்.

ஒன்பதரைக்கு மறுபடி புகார். நாங்கள் போன் இணைப்பு கொடுக்கும் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வரவேற்புப் பெண். "மேடம், பேஷன்ட் நாலு தடவ கூப்புட்டா ஒரு தடவதாங்க இங்க மணி அடிக்குது. எங்கள வந்து திட்டுறாங்க."

என் திரையில் சர்வரின் சுமை 32%. பச்சை. அதையே சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. இதே வாக்கியத்தை மூன்று வருடம் முன்பு, கூட வேலை பார்த்த கோகிலாவிடம் சொல்லியிருக்கிறேன்.

செய்ய:
- விழும் செய்திகளை எண்ண
- நூலகப் புத்தகம் திருப்ப (இரண்டு வாரம் தாமதம்)
- அம்மாவுக்கு பி.பி. மாத்திரை

ஜூலை 15, செவ்வாய்

எண்ணினேன். ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் சர்வருக்கு ஒரு சின்னச் செய்தி வரும். அதுதான் விழுகிறது, அதாவது யாரும் எடுக்காமல் தொலைகிறது. ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரை. விழுந்ததற்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஓர் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நாவல்களில் கடிதம் தொலைந்தால் காத்திருப்பவர் யாரென்று வாசிப்பவருக்குத் தெரியும். இங்கேயும் யாரோ போனைக் காதில் வைத்துக் காத்திருக்கிறார்கள். யாரென்றுதான் தெரியாது.

சார் பெங்களூரிலிருந்து மீட்டிங்கில். கம்பெனி அவருடையது. "முப்பத்திரண்டுதானேம்மா காட்டுது? டவர் பிரச்சினையா இருக்கும். அந்த கோகிலா பொண்ணும் இப்படித்தான் கெளப்புச்சு."

பெயரைக் கேட்டதும் பழைய ஆபீஸ். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாத்திரக்கடை மாடி. நான்கு பெண்கள், ஒரு மின்விசிறி. புகார் போன் எடுப்பவள் கோகிலா. சித்தேரிக்காரி, வாரநாளில் ஹாஸ்டல். சனிக்கிழமை மலை பஸ் ஏறிப் போனால் திங்கள் காலை பை நிறையப் பலாச்சுளையோடு வருவாள். கீபோர்டெல்லாம் பிசுபிசுக்கும். நான் படிக்கும் நாவலைப் பிடுங்கி, கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அறிவிப்பாள்: "செத்துருவாடி அவ. விடு, சாப்பிட வா."

இப்போது ஆபீஸ் இல்லை. எல்லோரும் அவரவர் வீட்டில். நான் இண்டூரில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்.

ஜூலை 16, புதன்

அம்மா: "நாளெல்லாம் அடுத்தவங்க பேசறத ஒட்டுக் கேக்கறதா உன் வேலை?"

பேச்சே எனக்குக் கேட்காது என்றேன்.

"அப்பறம் எதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

கிடைத்துவிட்டது. சர்வருக்கு இரண்டு வாசல். ஒன்று வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு, மற்றது ஆஸ்பத்திரிகளின் சொந்த போன்களுக்கு. வாசலுக்கு வாசல் தனித்தனி ஒர்க்கர்கள், அதாவது செய்தியை எடுத்துப் பார்க்கும் சிறு நிரல்கள். கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்றை எடுக்காது. எல்லாம் கைநிறைய இருந்தால் செய்திகள் வரிசையில் நிற்கும், வரிசை நிறைந்தால் விழும். வெளிவாசலில் நான்கு ஒர்க்கர். உள்வாசலில் பன்னிரண்டு. இன்று முதல் தடவையாக வாசல்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 9.41க்கு வெளிவாசல் 100%. உள்வாசல் 9%.

பதினாறு ஒர்க்கரையும் சேர்த்துச் சராசரி போட்டால் 32.

சராசரி போட்டது நான். சாருக்கு ஒரே எண் வேண்டும், பெரிதாக. அந்தத் திரை மேல் எனக்குப் பெருமை வேறு.

சர்வரின் மூன்று வருடம் முந்தைய அமைப்புக் கோப்பைத் தேடி எடுத்தேன். அப்போதும் நான்கு, பன்னிரண்டு. கோகிலா போன பிறகு சில ஆஸ்பத்திரிகள் விலகின, கூட்டம் குறைந்தது, புகாரும் நின்றது. டவர் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். போன மாதம் புதிதாகச் சில ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன.

புகார் வந்த நேரத்தையெல்லாம் அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். "இத்தன பேரு பொய் சொல்வாங்களாடி?" நான் திரையைக் காட்டினேன். சார் திரையை நம்பினார். போனை ஒழுங்காக எடுக்காமல் சாக்குச் சொல்கிறாள் என்று அந்த வாரமே அவளை நிறுத்தினார். அவள் பையை எடுத்துக்கொண்டு போகும்போது நான் குனிந்து எதையோ டைப் செய்துகொண்டிருந்தேன். என்னவென்று ஞாபகமில்லை. வெறும் எழுத்துகளாகக்கூட இருக்கலாம்.

மாலையில் வெளிவாசலுக்குப் பதினாறு ஒர்க்கர் கொடுத்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஒன்பதரை தாண்டியது. பத்தேகால் தாண்டியது. விழுந்தவை: பூஜ்யம். சார்: "குட். டவர் சரியாயிடுச்சா?" 'சரியாயிடுச்சு சார்' என்று மட்டும் பதில் போட்டேன்.

ஆடி ஒன்று, எங்கள் பக்கம் தேங்காய்ப் பண்டிகை. சாயங்காலம் தெருவெல்லாம் தேங்காய் சுடும் வாசனை. ஒரு வருடம் ஆபீஸ் மொட்டை மாடியிலும் சுட்டோம். பொட்டுக்கடலை, வெல்லம், எள், எல்லாவற்றையும் தேங்காய்க்குள் அடைத்துக் குச்சியில் செருகினாள் கோகிலா. புகையைப் பார்த்துப் பாத்திரக்கடைக்காரர் ஓடி வந்தார். "கம்பெனியக் கொளுத்தறீங்களாம்மா?"

"சர்வரு இங்க இல்லீங்கண்ணா. தேங்கா மட்டுந்தான்."

பாதித் தேங்காயை அவரே தின்றுவிட்டுப் போனார். அன்று சிரித்த மாதிரி அதன்பின் சிரித்திருக்கிறேனா? தெரியவில்லை.

அவள் எண் இருக்கிறது. கூப்பிடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கூப்பிட்டேன். இப்போது அரூரில், ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு.

"யாரு? ஓ. சொல்லு."

நான்கு, பன்னிரண்டு, சராசரி, எல்லாம் சொன்னேன். நடுவில் யாரிடமோ, "இன்னும் ஒரு பாட்டில் தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காருங்க ஆயா" என்றாள். அப்புறம் என்னிடம், "இப்ப சரியாயிடுச்சா?"

"ஆச்சு."

"சாருக்குத் தெரியுமா?"

"சரியானது தெரியும்."

"எதனால போச்சு, எதனால சரியாச்சு, அது தெரியுமா?"

மூக்கை உறிஞ்சினேன்.

"எங்கிட்ட அழுவாதடி. அவருக்கு எழுது. எம் பேரப் போட்டு எழுது. வாயில சொன்னா ரெண்டு பேரும் மறந்துருவீங்க."

வைத்துவிட்டாள். 'டி' போட்டாள் என்பதை நினைத்துக்கொண்டே குழம்பைத் தீயவிட்டேன்.

எழுதினால் இந்த வேலை இருக்குமா தெரியாது. வீட்டிலிருந்தபடி இன்னொன்று சுலபத்தில் அமையாது.

ஜூலை 19, சனி

காலை முழுவதும் நான்கு வரி.

'சார், டவர் காரணம் இல்லை. மூன்று வருடம் முன்பு விழுந்த அழைப்புகளும் வெளிவாசலில் ஒர்க்கர் போதாமல் விழுந்தவைதான். சராசரியைக் காட்டி அதை மறைத்தது நான் செய்த திரை. செவ்வாய்க்கிழமை நோட்டோடு வந்து கோகிலா சொன்னது அத்தனையும் சரி, அவரை நிறுத்தியது தவறு.'

வாட்ஸாப்பில் சாருக்கு அனுப்பினேன். கோகிலாவுக்கும்.

சார்: இரண்டு நீல டிக். பதில் இல்லை.

கோகிலா, உடனே: 'செவ்வா இல்ல. திங்கக்கெழம. மாத்து.'

மாற்றி, சாருக்கு மறுபடி அனுப்பினேன்.