பார்த்து எழுதிய ஆறு பேர்

அக்கா, இன்று பீரோவை நகர்த்தும்போது அந்த அட்டைக் கட்டு கைக்கு வந்தது. எழுத்தையும் கணக்கையும் விளையாட்டாகச் சொல்லித்தர நம் பள்ளியில் வாங்கிய அட்டைகள். மூன்று வருஷமாகியும் பிளாஸ்டிக் உறை பிரியவில்லை, புது வாசனைகூடப் போகவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆண்டுவிழாவன்று பெற்றோர் கண்ணில் படும்படி அடுக்கி வைத்தார்கள். மறுநாளே பூட்டிவிட்டார்கள், அழுக்காகிவிடுமாம். நீங்கள் சும்மா இருந்தீர்களா? தேவாரம் ஊரிலிருந்து வேனில் வரும் பிள்ளைகளைப் புளியங்கொட்டை கொண்டுவரச் சொல்லி, ஒன்றாம் வகுப்பில் கூட்டல் நடத்தினீர்கள். கணக்கு நன்றாகவே வந்தது. "நோட்டுல ஒண்ணுமே காணோம், என்னத்தப் படிக்குது?" என்று ஒரு தாய் சண்டைக்கு வந்ததும் அதனால்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி படிவங்களோடு வந்தாள். புதிய கற்பித்தல் முறைகளைப் பற்றித் தனியார் பள்ளி ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தலைமையாசிரியை பதில்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். 'மிகவும் பயனுள்ளது. தினமும் பயன்படுத்துகிறோம்.' நாங்கள் ஆறு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதினோம். நீங்கள் மட்டும் வேறு எழுதினீர்கள். 'அட்டைகள் பீரோவில் இருக்கின்றன. பயிற்சி தரவில்லை. நோட்டு நிறைந்தால் போதும் என்கிறார்கள். விட்டால் செய்வோம்.' பெயர் வேண்டாம் என்று அச்சடித்திருந்தும் கீழே பெயரைப் போட்டிருந்தீர்கள்.

அந்தப் பெண் கைக்குப் போகுமுன் படிவங்களைத் தாளாளர் வாங்கிப் படித்தார். எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இந்த டீச்சர் எழுதிருக்கது நெசமா? ஆமான்னு யாராச்சும் சொல்லுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மற்ற ஐந்து பேரும் அப்படித்தான். பரீட்சை முடிந்ததும் உங்களை இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கடைசி நாள் பஸ்ஸில் கேட்டீர்கள். "ஏன்டி, நீயுமா பாத்து எழுதுன?"

"வேல போயிரும்க்கா."

"பிள்ளைக பாத்து எழுதுனா மட்டும் அடிக்கிறோம்ல."

உங்கள் நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போய்விட்டீர்கள். அப்புறம் போன மாசியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக, மாலை போட்டுக் கிடத்தியிருந்த உங்கள் காலடியில் நின்றேன். மன்னிப்புக் கேட்க அது ஒரு நேரமா?

இப்போது ஒன்றாம் வகுப்பு என்னிடம்தான் இருக்கிறது. நோட்டுகள் நன்றாக நிறைகின்றன, என்னை நல்ல டீச்சர் என்கிறார்கள். ஒரே ஒரு குறை. பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை எட்டிப் பார்த்து எழுதும் பிள்ளையை அதட்ட வாயெடுப்பேன், சொல் வராது. அது என்னை நிமிர்ந்து பார்க்கும். நான் ஒன்றும் சொல்லாததைக் கண்டு, மீதியையும் பார்த்து எழுதி முடித்துவிடும்.